கடையில் கணினி மூன்று, நாளுக்குப் பென்டிரைவ் நாற்பது: விண்டோஸ் 10 முடிந்தபின் என்ன செய்வது?

துறைப்பூண்டி கடைக்காரன்

வணக்கம். திருத்துறைப்பூண்டியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கணினி மூன்று. ஒன்று 2013-இல் வாங்கியது, மற்ற இரண்டும் 2016-இல். மூன்றிலும் விண்டோஸ் 10. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. ஒரு மெக்கானிக் மூன்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், ஆன்ட்டிவைரஸ் இருந்தால் போதும், பேசாமல் இருங்கள் என்கிறார்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கினால் என் கடை எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஊரே வாசலில் நிற்கும். அப்படி ஒரு நெரிசலில் ஒருவர் நீட்டிய பென்டிரைவைச் செருகினேன். உள்ளே இருந்த எல்லாக் கோப்புறைகளின் மூலையிலும் சின்ன அம்புக்குறி. அவசரத்தில் ஒன்றைத் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கணினியில் செருகும் ஒவ்வொரு பென்டிரைவும் அதே அம்புக்குறியோடுதான் வெளியே போகிறது. ஒரு கல்லூரி மாணவி மறுநாள் வந்து சண்டை போட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை.

ஒரு புதுக் கணினிக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

அரசலாற்றங்கரை

கும்பகோணத்தில் இருபது வருடமாக எனக்கு இதுதான் தொழில். மூன்று கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். கணினியைத் திறக்கக் கடவுச்சொல் உண்டா? தினமும் வேலை செய்யும் கணக்கு நிர்வாகி கணக்கா, சாதாரணக் கணக்கா? விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதா?

துறைப்பூண்டி கடைக்காரன்

கடவுச்சொல் இல்லை அண்ணா, காலையில் பையன் வந்து திறக்க வேண்டுமே. கணக்கு ஒன்றே ஒன்றுதான், அது எந்த வகை என்று தெரியாது. மூன்றாவது... ஒருவர் வந்து ஏதோ ஒரு சின்ன நிரலை ஓட்டி, இனி காலாவதி அறிவிப்பு வராது என்றார். அதை ஓட்டுவதற்கு முன் ஆன்ட்டிவைரஸை நிறுத்தச் சொன்னார்.

அரசலாற்றங்கரை

அப்படியானால் அக்டோபர் 14-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. கதவே இல்லாத வீட்டில் ஜன்னல் கொக்கி துருப்பிடித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு என்னை உள்ளே விடு என்று கேட்கிற எந்த நிரலையும் நம்பக் கூடாது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'ஸ்டாப்' வகை நிரல் பெரும்பாலும் இப்படிப்பட்ட திருட்டுத் திறவுகோல்களோடு ஒட்டிக்கொண்டுதான் வீடுகளுக்குள் நுழைந்தது. உங்களுக்கு அது வரவில்லை என்றால் அதிர்ஷ்டம்.

அம்புக்குறி விஷயம் இதுதான். நிஜக் கோப்புறைகள் அழியவில்லை, மறைந்து இருக்கின்றன. நீங்கள் பார்ப்பது அதே பெயரில் வைத்த குறுக்குவழி. அதைத் தொட்டால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு நிஜக் கோப்புறையும் திறக்கும். கேட்டது கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 'வியூ' பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும், அதிலுள்ள குறியையும் எடுங்கள். பலர் முதலாவதோடு நிறுத்திக்கொண்டு, கோப்பு போய்விட்டது என்று அழுகிறார்கள். அங்கேயே கோப்புப் பெயர்களின் பின்னொட்டைக் காட்டும் வசதியையும் போட்டுவிடுங்கள். 'பில்.பிடிஎஃப்' என்று தெரிவதன் வாலில் 'இஎக்ஸ்இ' ஒளிந்திருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

தொற்றிய கணினியைத் துடைத்துப் புதிதாக நிறுவத்தான் வேண்டும். இருபது வருடத்தில் நான் 'சுத்தம் செய்து' கொடுத்த கணினிகளில் பாதி திரும்பி வந்திருக்கின்றன.

பெரியகோயில் நிழல்

மூன்றிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 4 ஜிபி ரேம் இருந்தால் தாராளம். உரிமக் கட்டணமும் இல்லை, அந்த அம்புக்குறியும் அங்கே செல்லாது. இன்னும் எத்தனை நாள் விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழுவது?

அரசலாற்றங்கரை

தஞ்சாவூரில் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். அவருடைய கடையில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் எதில் அடிக்கிறார்கள் என்று கேட்டீர்களா? பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரல். 2001-இல் வந்த ஏழாம் பதிப்பு. அதில் யுனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்கள், கைக்குப் பழகிய பழைய தட்டச்சு முறை. கைரேகைக் கருவி வேறு இருக்கும். இதையெல்லாம் லினக்ஸில் நீங்கள் வந்து ஓட்டிக் கொடுப்பீர்களா?

துறைப்பூண்டி கடைக்காரன்

அண்ணன் சொன்னது அப்படியே என் கடை. கைரேகைக் கருவியும் உண்டு. பத்திரிகை அடிப்பதை விட்டால் வைகாசி, ஆவணி மாத வருமானம் போய்விடும்.

பாமணிக்கரை

மன்னார்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எந்த இயங்குதளம் என்ற சண்டையை நீங்கள் இருவரும் பிறகு தொடருங்கள். கடைக்காரத் தம்பி, ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் முதல் கணினியில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் திறந்து, சாளரத்தின் கீழ் இடது மூலையில் உருப்படிகள் எத்தனை என்று இருப்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

துறைப்பூண்டி கடைக்காரன்

11,846.

அக்கா, கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தேன். ஆதார், ரேஷன் கார்டு, நிலப் பத்திரம், ஸ்கேன் அறிக்கை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். 2019-இல் இறந்துபோன ஒருவருடைய ஆதார் இருக்கிறது. அவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்ததும் நான்தான். அது பக்கத்துக் கோப்புறையில் இருக்கிறது.

பாமணிக்கரை

அதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் கணினி கெட்டால் உங்களுக்கு நஷ்டம் ஒரு ஹார்டு டிஸ்க். அந்தக் கோப்புறை வெளியே போனால், உங்களை நம்பிக் காகிதத்தை நீட்டிய பாதி தாலுகாவுக்கு நஷ்டம்.

கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்தானே என்று நினைக்காதீர்கள். மின் ஆதாரின் கடவுச்சொல் எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த ஆண்டு. பெயரும் பிறந்த ஆண்டும் அதே கோப்புறையில் மதிப்பெண் பட்டியலில் இருக்கின்றன. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறீர்கள்.

இன்று இரவே செய்யக்கூடியவை. உங்களுக்குச் சொந்தமான கோப்புகளைப் பிரித்து வேறு இடத்தில் வையுங்கள். மற்றதை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் அழித்தது உடனே மறைந்துவிடாது, மீட்பு நிரல் கொண்டு எடுத்துவிடலாம். விண்டோஸிலேயே 'சைஃபர்' என்றொரு கட்டளை இருக்கிறது. காலியிடத்தின்மேல் எழுதி மூடும் வேலையை அது செய்யும். மணிக்கணக்கில் ஓடும், ஆகையால் கடை மூடும்போது ஓட்டிவிட்டுப் போங்கள். மூன்று கணினிகளையும் எப்படியும் துடைத்து நிறுவப்போகிறீர்கள் என்றாலும் இதை விட்டுவிட வேண்டாம்.

நாளையிலிருந்து: செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்று ஒன்று உண்டு. டவுன்லோட்ஸில் ஒரு நாளாகத் திறக்காத கோப்புகளைத் தானே அழிக்கும்படி அதில் சொல்லலாம். 14, 30, 60 நாள் என்றும் வைக்கலாம். முதலில் அது 'ஒருபோதும் வேண்டாம்' என்றுதான் இருக்கும், நாம்தான் மாற்ற வேண்டும். கடை எண்ணின் வாட்ஸ்அப்பில் புதிய உரையாடல்கள் 24 மணி நேரத்தில் மறையும்படி ஒரு முறை அமைத்துவிடுங்கள். ஆனால் கணினியில் இறக்கிச் சேமித்த படம் அதனால் மறையாது, அதற்குத்தான் முன்னது.

வாடிக்கையாளர் தன் மின்னஞ்சலைத் திறக்க வேண்டும் என்றால் உலாவியில் 'கெஸ்ட்' சாளரத்தைத் திறந்து கொடுங்கள். மூடியதும் உள்நுழைவு போய்விடும். அதிலும் இறக்கிய கோப்பு மட்டும் தங்கும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு நாள் விண்டோஸ் விசையோடு 'வி' அழுத்தினேன். யாரோ கிளிப்போர்டு வரலாற்றை முடுக்கிவிட்டிருந்தார்கள். காலையிலிருந்து மாணவர்கள் நகலெடுத்த வரிகள் வரிசையாக வந்து நின்றன, நடுவில் ஒரு பெண்ணின் கடவுச்சொல். பொதுக் கணினியில் அது அணைந்தே இருக்கட்டும்.

பழைய வாத்தியார்

மயிலாடுதுறையிலிருந்து. அந்த அம்மா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. 'ஆன்ட்டிவைரஸ் போதும்' என்ற அந்த இன்னொரு மெக்கானிக்குக்காக ஒரு வார்த்தை. 2017 மே மாதம் 'வானாகிரை' உலகத்தைச் சுற்றி வந்து, பிரிட்டனில் மருத்துவமனைகளைக்கூட முடக்கிப்போட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தும் போட்டுக்கொள்ளாதவர்களையே அது பெரும்பாலும் பிடித்தது. இனி விண்டோஸ் 10-க்கு அந்தத் திருத்தமே வராது என்கிறபோது, ஆன்ட்டிவைரஸ் தனியாக நின்று எத்தனை நாள் தாங்கும்?

துறைப்பூண்டி கடைக்காரன்

ஐயா, அப்படியானால் மூன்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

அரசலாற்றங்கரை

வேண்டாம். மூன்றுக்கும் ஒரே வேலையைக் கொடுப்பதுதான் தவறு. பிரித்துப் போடுங்கள்.

புதிதாக ஒன்று வாங்குகிறீர்கள் அல்லவா, அது விண்டோஸ் 11, அசல் உரிமத்தோடு. கைரேகைக் கருவி, அரசு இணையதளங்கள், பணப் பரிமாற்றம் எல்லாம் அதில் மட்டும். 2016 கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தேறாது, அவற்றின் ப்ராசஸர் வரிசை மைக்ரோசாஃப்டின் அனுமதிப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள்.

2016-இல் ஒன்று பேஜ்மேக்கருக்கு. அதன் இணையக் கம்பியைப் பிடுங்கி மேசை அறைக்குள் போடுங்கள். வைஃபை வில்லை இருந்தால் அதையும். இணையமே இல்லாத கணினிக்குத் திருத்தம் வராவிட்டாலும் பெரிய ஆபத்து இல்லை. வெளியார் பென்டிரைவ் அதில் நுழையவே கூடாது.

இன்னொரு 2016-க்கு அசல் உரிமம் வாங்கிப் போட்டால், நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத்தில் சேர்க்கலாம். 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைய வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தெரியும். அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். மூச்சு விட நேரம், அவ்வளவுதான்.

பெரியகோயில் நிழல்

2013 கணினியைச் சொல்லவே இல்லையே அண்ணா? அதையாவது எனக்கு விடுங்கள்.

அரசலாற்றங்கரை

விட்டேன். அதைத்தான் உங்களுக்காக வைத்திருந்தேன். அதுதான் பென்டிரைவ் வாசல், வெளியார் பென்டிரைவ் எல்லாம் அதில் மட்டும்.

பெரியகோயில் நிழல்

அருமை. கடைக்காரண்ணா, கேளுங்கள். அந்தக் கணினியில் மின்ட் போடுவோம். 'லாகின் விண்டோ' அமைப்பில் 'கெஸ்ட் செஷன்' என்ற வசதி உண்டு, அதை முடுக்கிவிட வேண்டும். வாடிக்கையாளருக்கு அதில்தான் வேலை. வெளியேறியதும் அந்த அமர்வில் இறக்கியது, திறந்தது, உள்நுழைந்தது எல்லாம் துடைபட்டுவிடும். 11,846 மறுபடியும் சேராது. அம்புக்குறிப் பென்டிரைவைச் செருகினாலும் அந்த வைரஸ் அங்கே ஓடாது, மறைந்திருக்கும் நிஜக் கோப்புறைகள் நேராகக் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு சங்கடம் உண்டு. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பைக் கொண்டுவந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்புகளை உங்கள் கணக்கின் கோப்புறையில் போட்டால் கெஸ்ட்டுக்குக் கிடைக்காது. எல்லாருக்கும் பொதுவான எழுத்துரு அடைவில் நிர்வாகியாக நுழைந்து போட வேண்டும். நான் முதன்முதலில் ஒரு கடையில் இதை மறந்துவிட்டு அரை நாள் முடியைப் பிய்த்துக்கொண்டேன்.

துறைப்பூண்டி கடைக்காரன்

பிரிண்டர்? என்னுடையது பத்து வருடத்துக்கு முந்திய லேசர். லினக்ஸ் அதை ஏற்குமா?

பெரியகோயில் நிழல்

மாடலைப் பொறுத்தது. பல ஹெச்பி மாடல்களுக்கு மின்ட்டில் தயாராக வழி இருக்கிறது. சில பழைய லேசர்கள் பிடிவாதம் பிடிக்கும். ஏற்காவிட்டால் வாசல் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி, கடைக்கென்று வைத்திருக்கும் ஒரே பென்டிரைவில் அடுத்த கணினிக்குக் கொண்டுபோங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் கூடும்.

துறைப்பூண்டி கடைக்காரன்

காப்பீட்டு நாளில் அந்த ஒரு நிமிடம் பெரிது தம்பி. ஆனால் விவசாயிகள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள், பென்டிரைவ் கொண்டுவருவது மாணவர்களும் அலுவலகங்களும்தான். சமாளித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

பாமணிக்கரை

நிர்வாகி கணக்கை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். விண்டோஸ் கணினிகளில் இதை வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் புதிதாக ஒரு கணக்கு உருவாக்கி அதை நிர்வாகி ஆக்குங்கள், கடவுச்சொல் வையுங்கள். வெளியேறி, அதற்குள் ஒரு முறை நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தபிறகு, அங்கிருந்து உங்கள் பழைய கணக்கைச் சாதாரணக் கணக்காக இறக்குங்கள். தலைகீழாகச் செய்து வெளியே மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பையனுக்குச் சாதாரணக் கணக்கு போதும். ஏதாவது நிரல் உள்ளே நுழையப் பார்த்தால் திரை மங்கி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது அவனுக்குத் தெரியாது, ஆகவே உங்களைக் கூப்பிடுவான். டீ குடிக்க எழுந்தால் விண்டோஸ் விசையோடு 'எல்'. கை தானாகப் போக ஒரு வாரம் பிடிக்கும்.

உப்பளம்

வேதாரண்யத்திலிருந்து. வைரஸைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் கணினியைக் கொல்வது காற்றும் தண்ணீரும்.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா. கடையின் தகரக் கூரை எந்தத் திசையில் போனது என்றே தெரியவில்லை. தரையில் வைத்திருந்த சிபியு தண்ணீரில். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க் இருந்ததா என்றால், இருந்தது. அதே மேசையின் கீழ் அறையில், அதே தண்ணீரில். மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. எட்டு வருடக் கணக்கு வழக்கு போயிற்று.

இப்போது சிபியு மேசைமேல். பேக்கப் டிஸ்க் இரண்டு. ஒன்று வீட்டில், இன்னொன்று தஞ்சாவூரில் மகள் வீட்டில். மாதம் ஒரு முறை போகும்போது மாற்றிக்கொள்வேன். டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கோப்புகளைப் பூட்டும் நிரல் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.

உப்புக் காற்று வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணினி பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரை வராமல் நிற்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ரேம் பட்டையைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகினால் எழுந்துவிடும்.

அரசலாற்றங்கரை

ரப்பர் வைத்தியம் நூற்றுக்கு நூறு. நானும் அதற்குத்தான் காசு வாங்குகிறேன்.

யுபிஎஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள். உருளை சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்துக்கு 600 விஏ யுபிஎஸ் பீப் அடித்துப் படுத்துவிடும், கூடவே கணினியும். திருத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படி நின்றால் மறுநாள் என்னிடம்தான் வருவீர்கள்.

பழைய வாத்தியார்

புதிதாக விண்டோஸ் 11 வாங்கும் தம்பிக்கு என் கதை. சென்ற ஆண்டு ஒரு மடிக்கணினி வாங்கினேன். விற்ற கடைக்காரரே எல்லாம் அமைத்துக் கொடுத்தார். மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டபோது, எனக்குச் சிரமம் தரக் கூடாது என்று கடையின் மின்னஞ்சலையே போட்டுவிட்டார். எனக்குத் தெரியாது. விண்டோஸ் 11-இல் அப்படி உள்நுழைந்தால் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே மறைகுறியாக்கப்படும், அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படும், திறவுகோல் அந்தக் கணக்கில் போய் உட்காரும். ஆறு மாதம் கழித்துத் தாய்ப்பலகை பழுதாகி மாற்றினார்கள். நீலத் திரை. 48 இலக்கத் திறவுகோலைக் கொடு என்கிறது. உள்ளே ஊர்க் கோயில்களில் எடுத்த கல்வெட்டுப் படங்கள் நாலாயிரம்.

எந்த மின்னஞ்சல் என்று அந்தக் கடைக்காரருக்கே நினைவில்லை. பதினொரு நாள் கழித்து ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தார்.

தம்பி, கடையில் உட்கார்ந்து உங்கள் மின்னஞ்சலை நீங்களே போடுங்கள். அந்த 48 எண்களைத் தாளில் எழுதி, பத்திரம் வைக்கும் பெட்டியில் வையுங்கள்.

உப்பளம்

இரண்டு தாளில் எழுதுங்கள். ஒன்று வேறு ஊரில்.

துறைப்பூண்டி கடைக்காரன்

நேற்று முதல் கணினியின் டவுன்லோட்ஸைக் காலி செய்தேன். சொந்தக் கோப்புகளைப் பிரிக்கவே நள்ளிரவு தாண்டிவிட்டது. சைஃபரை ஓட்டிவிட்டுப் போனேன், காலையில் வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. பேஜ்மேக்கர் கணினியின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். பையன் அரை மணி நேரம் பாட்டு வரவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்திருந்தான்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. உலாவியில் திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் சத்தத்தோடு 'உங்கள் விண்டோஸ் முடக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று வந்தது. முன்பென்றால் அழைத்திருப்பேன்.

பாமணிக்கரை

நல்ல வேளை. விண்டோஸின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. ஆல்ட்டோடு எஃப்4 அழுத்தினால் மூடிவிடும். முரண்டு பிடித்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் உலாவியை முடித்துவிடுங்கள். அழைத்திருந்தால் 'எனிடெஸ்க்' போன்ற தொலைநிலை நிரலை நிறுவச் சொல்லி, உங்கள் வங்கிக் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே திறந்திருப்பார்கள். யாராவது வாடிக்கையாளர் அப்படி ஏமாந்து பணம் போயிற்று என்று வந்தால், கடையில் உட்காரவைத்து, இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வழி இருக்கும்.

பெரியகோயில் நிழல்

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன் அண்ணா. மின்ட் பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது. உங்கள் தமிழ் எழுத்துருக்களை மட்டும் ஒரே கோப்புறையில் எடுத்துவையுங்கள்.

துறைப்பூண்டி கடைக்காரன்

வாருங்கள் தம்பி, மதியச் சாப்பாடு வீட்டில். ஒரே ஒரு வேண்டுகோள், நீங்கள் கொண்டுவரும் பென்டிரைவை முதலில் வாசல் கணினியில்தான் செருக வேண்டும்.

அரசலாற்றங்கரை

வாசல் கணினியே அவர் வந்த பிறகுதானே உருவாகும்?

துறைப்பூண்டி கடைக்காரன்

அதுவும் சரிதான். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறேன்.